வாடகை வீடுதானே!

வாடகைக்கு வீடு தேடி அலைந்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பரீட்சை உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். எத்தனை பேர், எங்கே வேலை, பூர்வீகம் எது (இந்த ஒரு கேள்வியில் வேறொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது), முட்டையாவது உண்டா, ஊரிலிருந்து யாரெல்லாம் வந்து தங்குவார்கள்... எல்லாவற்றிலும் பாஸாகி, அட்வான்ஸை எண்ணிக் கொடுத்து, சாவியை வாங்கக் கை நீட்டும்போது கடைசியாக ஒன்று வரும்.

"அப்புறம் சார், சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதீங்க. எதையும் ஒட்டவும் வேண்டாம்."

நாமும் "சேச்சே, அதெல்லாம் மாட்டோம் சார்" என்று ஏதோ திருட்டுக் குற்றத்தை மறுப்பதுபோல் பதறிச் சொல்லிவிட்டு உள்ளே நுழைகிறோம். அப்புறம் ஐந்து வருஷம், பத்து வருஷம் அந்த வீட்டில் இருக்கிறோம். காலண்டர் மாட்டுவதற்குக்கூட முன்பு இருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணியைத்தான் தேடுகிறோம்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் நான் சில வருஷம் குடியிருந்தேன். பழைய வீடு. நான்கு போர்ஷனாகப் பிரித்திருந்தார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர், பழைய செங்கல் சுவர். உப்புப் பூத்துப் பொரிந்துகொண்டே இருக்கும். ஹாலில் சுவருக்குள் குடைந்த திறந்த அலமாரி, நடுவில் மூன்று கடப்பாக் கல். கதவு கிடையாது. அதில் புத்தகம் வைத்தால் புத்தகம் வெள்ளை, சட்டை வைத்தால் சட்டை வெள்ளை. ஆபீசுக்குப் போனால், "என்ன சார், வெள்ளையடிக்கிற வேலைக்கும் போறீங்களா?" என்று கேட்பார்கள்.

மாடிப் போர்ஷனில் ஒரு டீச்சர் இருந்தார். கணவர் இல்லை, இரண்டு பெண்கள். அவர் வீட்டு அலமாரியும் இதே லட்சணம்தான். ஒருநாள் ஏதோ கொடுக்கப் போனபோது பார்த்தேன், அலமாரியின் முதுகுப்புறம் முழுக்க அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்ட துணி. சுவரிலேயே நெய்தது மாதிரி சுருக்கமில்லாமல் படிந்திருந்தது. அதற்கு முன்னால் பித்தளைக் குத்துவிளக்கு, பெண்களின் பள்ளிக்கூடக் கோப்பை, பத்துப் பதினைந்து புத்தகம். வீட்டுக்குள் யாரோ விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

"பழைய புடவை சார். உறையூர்ல வாங்கினது. கிழிஞ்சு போச்சு, தூக்கிப் போட மனசு வரலே. கஞ்சியில முக்கி ஒட்டினேன்" என்றார்.

உறையூர் என்றதும் ஒரு சின்னப் பெருமை. சோழர் தலைநகரம். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த கடல் பயணக் குறிப்பில் 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணி வருகிறது. அது உறையூர்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். கடல் தாண்டிப் போன ஊர்த் துணி, காவிரிப் பாலம் தாண்டி ஒரு வாடகை வீட்டு அலமாரிக்குள் போகக் கூடாதா?

கூடாதாம். மோட்டார் ரிப்பேர் என்று மாடிக்கு வந்த ஹவுஸ் ஓனர் அதைப் பார்த்துவிட்டார். ஒரே சத்தம். "ஒட்டக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே டீச்சர்!" டீச்சர் பதில் பேசவில்லை. ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துத் துணியின் மேல் ஒத்தி ஒத்தி எடுத்தார். ஐந்து நிமிஷம். மேல் மூலையைப் பிடித்து மெதுவாக இழுக்க, புடவை மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே சுவர் எப்படி இருந்ததோ அப்படியே. அந்தச் சுவர் மட்டும் எண்ணெய்ப் பெயின்ட் அடித்தது, அதனால் ஒரு செதில்கூட வரவில்லை.

வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார். குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததில்தான் அவருக்குக் கோபம். "இருந்தாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல?" என்றார்.

அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. சுவர் கெட்டுப்போகும் என்பது சாக்கு. கேட்காமல் செய்துவிட்டாய் என்பதுதான் காரணம். வாடகை வாங்கிக்கொண்டு கொடுத்த இடத்தில், நீ எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையையும் கையிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நவராத்திரி வந்தால் வீட்டுக்கு வீடு கொலுப்படி கட்டுகிறார்கள். பெட்டி, மேஜை, பெஞ்சு, எது கிடைத்தாலும் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டியை விரித்து, ஊக்கு குத்தி இழுத்துவிட்டால் எல்லாம் ஒரே படி. கொலு முடிந்ததும் வேட்டி துவைக்கப் போகிறது, பெஞ்சு பழைய இடத்துக்குப் போகிறது. சித்திரையில் தேர் பாருங்கள். தேர்ச்சீலை, விதானம், உருளை உருளையாகத் தொங்கும் தொம்பை, எல்லாம் துணி. துணி இல்லாவிட்டால் அது மரக்கட்டை அடுக்கு. தேர் நிலைக்கு வந்த பிறகு அத்தனையும் அவிழ்த்து மடித்து வைக்கப்படுகிறது. மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. பெருமாள் தேருக்கே கழற்றி மாட்டும் துணி அலங்காரம்தான். குடித்தனக்காரர் வீட்டு அலமாரிக்கு மட்டும் ஆகாதாம்!

வீட்டுக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரிட்டயரான பிறகு பி.எஃப். பணம் மொத்தத்தையும் போட்டு மேலே ஒரு மாடி எழுப்பியவர்களைப் பெல் பக்கமும் பொன்மலைப் பக்கமும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வாடகைதான் அவர்களுக்கு மாத்திரை செலவு. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், காலி செய்ய மறுத்த குடித்தனக்காரரோடு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் உண்டு. பயம் நியாயம். ஆனால் அந்தப் பயத்துக்கும் அலமாரித் துணிக்கும் என்ன சம்பந்தம்? துணி ஒட்டியவர் வீட்டை அபகரித்துவிடுவாரா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1882-ல் வெள்ளைக்காரன் எழுதிய சொத்து மாற்றுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 108-ம் பிரிவு, குடியிருப்பவர் தான் பொருத்தியவற்றை, வீடு தன் கையில் இருக்கும்வரை கழற்றிக்கொள்ளலாம் என்கிறது. கிடைத்த நிலையில் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நியாயமான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பல்ல என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, ஒட்டு, இருந்துகொள், உரித்துக்கொண்டு போ. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே!

ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ வேறு மாதிரி இல்லாவிட்டால்தான் இதெல்லாம் செல்லும். ஊர் வழக்கம் என்றால் யார்? நீங்களும் நானும்தான். சாவி வாங்கும்போது "மாட்டோம் சார்" என்று தலையாட்டுகிறோமே, ஊர் முழுக்க அத்தனை பேரும் ஆட்டினால் அதற்குப் பெயர்தான் வழக்கம்.

1960 சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் தமிழ்நாடு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணையை எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் கணக்கு. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது வீட்டுக்காரர் கணக்கு.

டீச்சர் 2022-ல் காலி செய்தபோது அவர் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார்கள். எதற்கு? வெள்ளையடிக்க. "எல்லாரும் கழிக்கிறதுதானே டீச்சர், ஊர் வழக்கம்." சட்டத்தில் இருக்கிற வார்த்தை அவர் வாயில் எவ்வளவு சரளமாக வந்தது பாருங்கள்! உப்புப் பூத்த சுவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் எப்படிப் பொறுப்பாவார்கள் என்று டீச்சர் கேட்கவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். நானும் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வாடகைக்கு இருப்பது எங்கும் கௌரவக் குறைவு இல்லை. ஜெர்மனியில் பாதிப் பேருக்கு மேல் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். வழக்கமான அளவுக்குச் சுவரில் துளை போடுவது, குடியிருப்பதில் அடங்கிய விஷயம்தான் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே 1993-ல் சொல்லிவிட்டது. நாம் இங்கே துளையே கேட்கவில்லை சார், துணிதான் கேட்கிறோம். 2011 கணக்கெடுப்பின்படி நகர இந்தியாவில் நூற்றுக்கு 27 குடும்பம் வாடகையில் இருக்கிறது. இத்தனை பேரும் பிறத்தியார் வீட்டு விருந்தாளி மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

வீட்டுக்காரரைத் திட்டியது போதும். இனி உங்களிடம் வருகிறேன்.

"வாடகை வீடுதானே, எதுக்கு?" இந்த 'தானே'யை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்? தவணையில் பெரிய டி.வி. வாங்கத் தெரிகிறது. அது இருக்கிற அலமாரியில் போன பொங்கலுக்கு விரித்த செய்தித்தாள் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. கேட்டால், சொந்த வீடு கட்டிய பிறகு எல்லாம் செய்துகொள்ளலாம் என்கிறீர்கள். சொந்த வீடு வரும், நாற்பத்தைந்து வயதில், ஐம்பதில், கடனோடு. அதற்குள் பிள்ளை காலேஜுக்குப் போய் ஹாஸ்டலில் இருப்பான். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தது, காய்ச்சலில் படுத்தது, முதல் பரிசு வாங்கி வந்து வைக்க இடம் தேடியது, எல்லாம் இந்தப் பொரிந்த சுவருக்கு முன்னால்தானே? பதினொரு மாத அக்ரிமென்ட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு ராமர் காட்டில் இருந்தார். அவரே பர்ணசாலை கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

எப்படி ஒட்டுவது என்று கேட்டுக் கடிதம் எழுதாதீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். பருத்தித் துணிதான் ஆகும். சிந்தெடிக் நிற்காது. முதலில் துணியை நன்றாக ஊறவைத்து அலசுங்கள். சாயம் போகிற துணியை ஒட்டினால் சுவரெல்லாம் சிவப்பு, அப்போது வீட்டுக்காரர் கத்துவதில் நியாயம் இருக்கும். வடித்த கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ, கெட்டி மோர் பதம். துணியை முக்கிப் பிழிந்து, மேலிருந்து கீழே தடவித் தடவி ஒட்டுங்கள். காய்ந்தால் விறைத்து நிற்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சினிமா போஸ்டர் ஒரு மழைக்கு உரிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம்தான். மாவுப் பசை தண்ணீர் பட்டால் விட்டுவிடும். எண்ணெய்ப் பெயின்ட், கடப்பாக் கல், மரம், இவற்றில் பயமில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் மட்டும் செய்யாதீர்கள். உரிக்கும்போது சுண்ணாம்பும் கூடவே வரும். அங்கே அலமாரியின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, அதற்குத் துணியைச் சுற்றி, உள்ளே செருகிவிடுங்கள். ஒட்டவும் இல்லை, ஆணியும் இல்லை. எந்த அக்ரிமென்ட்டிலும் 'செருகக் கூடாது' என்று நான் இதுவரை பார்த்ததில்லை.

கஞ்சிக்குப் பூச்சி வரும், அதையும் மறைக்கவில்லை. புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம். காய்ந்த வேப்பிலையை அலமாரியில் போட்டுவையுங்கள். அடைமழைக் காலத்தில் துணி நமுத்தால் உரித்துத் துவைத்து, தை பிறந்ததும் மறுபடி ஒட்டுங்கள்.

இன்னொன்று. குடிபோகிற அன்றைக்கே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். டீச்சர் இப்போது அதைத்தான் செய்கிறார். கே.கே. நகரில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். அந்த வீட்டு அலமாரி கொஞ்சம் அகலம் குறைவு. உறையூர்ப் புடவையை அளவுக்கு வெட்டி அங்கேயும் ஒட்டியிருக்கிறார். மிஞ்சின துண்டு எங்கே என்று கேட்டேன். கொலுவில் கீழ்ப்படிக்கு ஆகுமென்று சின்னவள் மடித்து வைத்திருக்கிறாளாம்.