கருவும் நஞ்சுக்கொடியும்

மதுரையின் பெரிய வீதிகளில் புத்திர பாக்கியத்தை வாக்களிக்கும் விளம்பரப் பலகைகள் பெருகி வருகின்றன. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் நிலத்தை ஈடு வைத்துக்கூட அங்கே வரும் தம்பதிகளை நாம் குறை கூறமாட்டோம். மலடி என்ற சொல்லைக் கூசாமல் வழங்கிய சமூகத்துக்கு அந்த யோக்கியதை கிடையாது. நம் கேள்வி வேறு. கரு தங்கிய பிறகு நஞ்சுக்கொடி எப்படி வேரூன்றும் என்பதை அவர்களுக்கு யார் சொல்லுகிறார்கள்?

நஞ்சுக்கொடி கருவின் வெளிப்புறத்து உயிரணுக்களிலிருந்தே உண்டாவது. அது கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவி அவற்றை அகலமாக்க வேண்டும். இந்த வேலை சரிவர நடவாவிடில், பின் மாதங்களில் தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும், சிசு மெலியும். சோதனைக்குழாய் முறையில் தரித்த கர்ப்பங்களில் நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மறைப்பது சற்று அதிகம். உறையவைத்த கருவை வைக்கும்போது ரத்த அழுத்த நோய் அதிகம் என்று ஸ்வீடன், டென்மார்க் முதலிய தேசங்களின் பிறப்புப் பதிவேடுகள் காட்டுகின்றன. தாயின் வயதும் மலட்டுத்தன்மையின் மூல காரணமும் இதில் கலந்திருக்கலாம். பெரும்பாலான குழந்தைகள் சுகமாகவே பிறக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு விஷயம் கவனத்துக்குரியது. கருமுட்டை இயற்கையாக வெளிப்படும் மாதத்தில், அது விட்டுச்செல்லும் மஞ்சள் உறுப்பு கர்ப்பத்தைக் காக்கும் சுரப்புகளைத் தருகிறது. மாத்திரைகளாலேயே கர்ப்பப்பையைத் தயார் செய்யும் முறையில் அவ்வுறுப்பு உண்டாவதில்லை; ரத்த அழுத்தமும் அம்முறையிலேயே அதிகம் காணப்படுகிறது. நாளைக் குறித்துக்கொள்ள வசதி என்பதால் அம்முறை வழங்குகிறது. மாதவிடாய் ஒழுங்கற்ற சிலருக்கு அது அவசியமுமாகலாம். மற்றவர்களுக்கு எதற்காக?

1978-ல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயர் உறையவைத்த கருவை இயற்கையான மாதச் சுழற்சியிலேயே வைத்து வெற்றி கண்டார். அந்த மேதையை அன்றைய வங்காள சர்க்காரின் விசாரணைக் குழு பொய்யர் என்றது. 1981-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நம் தேசத்தவர் கண்ட வழியை நம் மருத்துவமனைகள் கேட்டறியத் தயங்குவது விந்தை.

சிகிச்சையின் அபாயங்களைத் தம்பதிகளுக்கு எடுத்துரைக்கவேண்டும் என்று 2021-ம் வருஷத்துச் சட்டமே விதிக்கிறது. புரியாத பாஷையில் அச்சிட்ட தாளில் கையொப்பம் வாங்குவது எடுத்துரைப்பதாகாது. எந்த முறையில் கரு வைக்கப்பட்டது என்ற விவரம் தமிழில் எழுதித் தரப்படவேண்டும். பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ராஜாஜி ஆஸ்பத்திரிக்கும் அது எட்டவேண்டும். அபாயம் மிகுந்தவர்களுக்கு 16 வாரத்துக்குள் வைத்தியர் யோசனைப்படி தொடங்கும் சிறிதளவு ஆஸ்பிரின் நோயைத் தடுக்க உதவுகிறது. ஏழாம் மாதத்தில் கால் வீங்கி வரும் ஸ்திரீயிடம் அப்போதுதான் விசாரிப்பதானால், அந்த வாய்ப்புக் கடந்துபோயிருக்கும்.