சம்பளம் கொடுத்துவிட்டால் ஆயிற்றா?

ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டால் போதும், ஊர் முழுக்க ஒரே பேச்சுதான்: "நல்ல சம்பளம் வாங்குறாங்க, அப்புறம் என்ன குறை? யாரோ வெளியாள் தூண்டிவிடுறான்." 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதே அவர்களின் முதல் கோரிக்கை. அப்போதும் இதே பேச்சுதான். படித்தவர்களே இதை நம்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

நல்ல கூலியின் கதையை ஹென்றி ஃபோர்டிடமே கேட்கலாம். 1913-இல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸி வேலை சில மாதங்களில் 93 நிமிடத்துக்கு வந்தது. ஆட்கள்தான் தங்கவில்லை. அந்த ஆண்டு வேலையை விட்டுப் போனவர்கள் 370 சதவீதம்; அதாவது நூறு இடத்துக்கு 370 பேர் வந்து போனார்கள். 1914 ஜனவரியில் எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். இதைப் பெருந்தன்மை என்று இன்னமும் புகழ்கிறார்கள். அந்த வேலையில் மனிதன் நிற்கமாட்டான் என்பதற்கு முதலாளியே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. அந்த ஐந்து டாலருக்குத் தகுதியானவனா என்று பார்க்கத் தொழிலாளியின் வீட்டுக்கே ஆய்வாளர்களையும் அனுப்பினார்.

வேலை செய்பவனுக்குத் தான் செய்யும் பொருள் மட்டுமல்ல, செய்கிற செயலே அந்நியமாகிறது என்று கார்ல் மார்க்ஸ் 1844-இல் பாரிஸில் எழுதிவைத்தார். எந்திரம் முன்னேறினால் இது தணியும் என்று ராபர்ட் பிளவுனர் போன்ற சமூகவியலாளர்கள் 1960-களில் எதிர்பார்த்தார்கள். ஓஹியோ மாநிலம் லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ஆலையில் ரோபோக்கள் இருந்தன, சம்பளமும் நல்ல சம்பளம். மணிக்கு நூறு கார்; ஒருவன் முன்னால் 36 விநாடிக்கு ஒரு கார். அங்கே இருந்த இளைஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் நிற்பவனின் வேலையையும் சேர்த்து ஒருவன் ஓடி ஓடிச் செய்வான். மற்றவன் அந்த நேரம் உட்காருவான், படிப்பான், சிகரெட் பிடிப்பான். பிறகு முறை மாறும். சோம்பேறி இப்படிச் செய்வானா? கொஞ்ச நேரமாவது தன் கையில் இருக்கவேண்டும் என்பதற்காக இரண்டு மடங்கு உழைத்தார்கள். நிர்வாகம் அதை ஒடுக்கியது, ஆட்களையும் குறைத்தது. 1972 மார்ச்சில் ஸ்ட்ரைக் வெடித்தது.

'வெளியாள்' என்ற குற்றச்சாட்டும் நமக்குப் பழையது. 1918-இல் பெரம்பூர் பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களின் முறையீடுகளில் ஒன்று. அங்கும் நேரம்தான் பிரச்சினை. சங்கத் தலைவர் பி.பி. வாடியா ஆலையில் வேலை செய்தவரல்ல. அவர்மீது வழக்குப் போட்டு நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்கே போனது. அந்த வழக்கின் அதிர்ச்சியில் பிறந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், நிர்வாகிகளில் பாதிப்பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம் என்று இடம் கொடுத்தது.