பொய் சொன்ன கருவி

ஓர் அமாவாசை இரவு. திருக்கேதீஸ்வரத்தில் பாலாவிக் கரையில், கோயில் விளக்குகளுக்கு முதுகு காட்டி நின்றேன். நீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரவில் கடல்மேல் பறக்கும் விமானியின் நிலையும் இதுவே. அப்போது உடலின் உணர்வு ஏமாற்றும். விமானத்தின் சாய்வைச் சொல்வது அவர்முன் உள்ள நிலைகாட்டிதான்.

அதுவே பொய் சொன்னால்?

1978 ஜனவரி 1 அன்று பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானத்தில் தலைமை விமானியின் நிலைகாட்டி பழுதுற்றது. விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாக அது காட்டியது. திருத்துவதாக எண்ணி அவர் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். 213 பேரும் அரபிக் கடலில் மாண்டனர். துணை விமானிக்குத் தனிக் கருவி உண்டு. மாற்றுக் கருவியும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அவகாசமில்லை.

கருவிகள் முரண்பட்ட கணத்திலேயே மனிதனை உலுக்கும் எச்சரிக்கை இருந்ததா என்பதல்லவா முதற்கேள்வி? 'விமானியின் தவறு' என்று தலைப்பிடுவது எங்கள் தொழிலில் எளிது. நானும் இட்டிருக்கிறேன்.