ஸ்டென்ட் வைத்தபின் நிறுத்தலாகாத மாத்திரை



இருதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு வீடு திரும்புவோரை ஓயாமல் அலைக்கழிப்பது, அது இடம்பெயர்ந்துவிடுமோ என்னும் பயமே. குழாயின் சுவரோடு பதிந்துவிடும் அது எளிதில் நகர்வதில்லை என்று வைத்தியர் நிதானமாக எடுத்துரைத்தால் அப்பயம் தீரும். மெய்யான அபாயமோ, நெஞ்சுவலி நீங்கிவிட்டதென்றும், பல் பிடுங்க வேண்டுமென்றும், வயிறு எரிகிறதென்றும் காரணம் சொல்லி, ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்திவிடுவதில் இருக்கிறது. ஸ்டென்டினுள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பே நேரிடும். 2017-இல் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது பேருபகாரம். ஆனால், நோயாளி கையில் வாங்கிவரும் டிஸ்சார்ஜ் சம்மரியோ முழுதும் ஆங்கிலம். அவருக்குப் புரிவது ‘1-0-1’ என்ற எண்கள் மாத்திரமே. எந்த மாத்திரையை எத்தனை மாதம் உட்கொள்ள வேண்டும் என்பதை ஆஸ்பத்திரிகள் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், தஞ்சாவூர்