தர்மத்துக்கும் ஒரு பேரேடு வேண்டும்



எந்தத் தெருவுக்கு எந்த அரிசி போகும், எந்த மாதம் உளுந்து தேங்கும் என்பது நமக்கு அத்துப்படி. சிட்டையும் பேரேடும் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனால் தர்ம காரியம் என்று வந்துவிட்டால், கொடுத்த தொகையை எழுதியதோடு கணக்கை மூடிவிடுகிறோம். போய்ச் சேர வேண்டியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை.

அதைப் பார்க்கும் வித்தையைத்தான் இன்று 'தரவு அறிவியல்' என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அதன் வேர் இருந்தது.

1854-ல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா கண்டு, சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கெட்ட காற்றே காரணம் என்று பலரும் நம்பிய காலம். டாக்டர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் விலாசங்களை வாங்கி, வீடு வீடாக விசாரித்தார். பெரும்பாலோர் பிராட் தெரு அடிபம்புத் தண்ணீர் குடித்தவர்கள். பக்கத்திலிருந்த பீர் ஆலைத் தொழிலாளிகள் ஏன் சாகவில்லை என்றும் கேட்டார். அவர்கள் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை! செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனாலும் காலரா தண்ணீரால் பரவுகிறது என்பதற்கு அவர் பட்டியல் பலமான சாட்சியாயிற்று.

பட்டியலில் இல்லாதவரையும் விசாரிக்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

நாம் சார்ந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குகிறது. சென்ற ஆண்டு பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். கடைவீதியை ஒட்டிய பிள்ளைகளே மிகுதி. ரயில் பாதைக்கு அப்பால் இருப்போர் விரல்விட்டு எண்ணும்படி இருந்தனர். விசாரித்தால், விழா காலை பத்து மணிக்கு. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் எப்படி அழைத்து வருவார்கள்? தலை குனிந்தோம். இந்த ஆண்டு பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

தொடங்குவோருக்குச் சில வார்த்தைகள். கேள்வியை முதலில் எழுதுங்கள். பிறகு விவரம் சேருங்கள். பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். இல்லையேல் ஒருவரே இருவராகிவிடுவார். சராசரியை மட்டும் நம்பாதீர்கள். நான்கு வீட்டில் மாதம் 8,000 ரூபாயும் ஐந்தாவது வீட்டில் 68,000 ரூபாயும் வந்தால் சராசரி 20,000. ஏழை நால்வரும் கணக்கில் மறைந்துபோவார்கள். பிறர் வீட்டு விவரத்தை நம் கடன் நோட்டுப் போல் பத்திரமாக வையுங்கள்.

"தர்மத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கொடுத்தவன் பெருமைக்காகப் பார்த்தால் தவறு. விடுபட்டவனைத் தேடிப் பார்த்தால் அதுவும் தர்மமே.

அடுத்த நலத்திட்ட விழாவுக்கு முன், ஒவ்வொரு கிளைச் சங்கமும் பழைய பட்டியலை ஒருமுறை தெருவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டுகிறோம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.