கறுப்பைத் திருத்தும் கணினிகள்

ஆச்சி செத்த அன்று கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை வடிவமைத்தவன் நான்தான். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரு சிறிய படம், பேரன் கல்யாணத்தில் எடுத்த ஒரு குடும்பப் படம், ஆச்சிக்கு இருந்த படங்கள் இவ்வளவுதான். குடும்பப் படத்திலிருந்து முகத்தை வெட்டி எடுத்து, பின்னால் மேகமும் புறாவும் வைத்து, கை பழகிய பழக்கத்தில் ஃபோட்டோஷாப்பில் ‘கர்வ்ஸ்’ கோட்டை மேலே இழுத்துவிட்டேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்தலில் அதைக் கட்டியபோது அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எல, இது எங்கம்மை இல்லல. யாரோ டீச்சரம்மா மாதிரில்லா இருக்கு.”

சிவந்திபுரம் பக்கத்து வயல்களில் ஐம்பது வருடம் நடவு நட்டவள் ஆச்சி. அவளை எரிப்பதற்கு முன்பே அவள் நிறத்தை நான் அழித்திருந்தேன். அழிக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இதற்கு ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். என்னிடமும் இருந்தது. “பிரிண்ட் டார்க்கா வருது, அதனால ஏத்திக் கொடுக்கோம்.” இந்தப் பதிலில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம்.

கடையில் இருக்கும் மானிட்டர் பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும். ஷோரூமில் பக்கத்து மானிட்டரைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கம்பெனி வைத்த அளவு அது. வெள்ளை நீலமடித்துத் தெரியும். திரை தன் வெளிச்சத்தைத் தானே வீசுகிறது. காகிதமோ தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். தேவைக்கு இருமடங்கு வெளிச்சமான திரையில் ‘சரியாக’ இருக்கும் முகம் காகிதத்தில் இருண்டுதான் வரும். வாடிக்கையாளர் “என்ன தம்பி, கறுப்பா வந்துட்டு?” என்பார். நாம் மானிட்டரைத் தொடமாட்டோம், முகத்தைத் தொடுவோம். அடுத்த முறை முன்கூட்டியே ஏற்றிவைப்போம். ஒரு வருடத்தில் அது கைப்பழக்கம், ஐந்து வருடத்தில் அதுதான் அழகு.

மாற்ற வேண்டியது மானிட்டரை. கலரிமீட்டர் என்றொரு சிறு கருவி இருக்கிறது. திரையில் ஒட்டினாற்போல் தொங்கவிட்டால், மென்பொருள் ஒவ்வொரு நிறமாகத் திரையில் காட்டக் காட்ட, கருவி அதை அளந்து, எவ்வளவு விலகல் என்று கணக்கிட்டு ஒரு புரொஃபைல் எழுதிக் கொடுக்கும். அதற்கு முன் மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட வேண்டும். ‘விவிட்’, ‘டைனமிக்’ போன்ற பகட்டுகளையெல்லாம் அணைக்க வேண்டும். வெள்ளைக்கு 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை: பொதுவாக வைக்கும் அளவுகள் இவை. ஜன்னல் வெயில் திரையில் விழக்கூடாது. எங்கள் கடையில் சுவருக்குக் கிளிப்பச்சை அடித்திருந்தார்கள். அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து என் கண் எல்லா முகத்திலும் சிவப்பைக் கூட்டிக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

கருவியின் விலை பல ஆயிரம். நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை கைமாற்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால், 24 நிறக்கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் படத்தை எந்தத் திருத்தமும் வேண்டாம் என்று சொல்லி லேபில் பிரிண்ட் போட்டு வாங்குங்கள். அதை நல்ல நிழல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, திரை அதோடு ஒத்துப்போகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். துல்லியமான முறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகத்தை வெளுப்பதைவிட நேர்மையானது.

பிரிண்டர் தனிக்கதை. ஒவ்வொரு காகிதத்துக்கும் மைக்கும் சேர்த்து ஒரு ஐசிசி புரொஃபைல் வேண்டும். விலை மலிவு என்று வேறு மை ஊற்றினால் பழைய புரொஃபைல் செல்லாது. நிறத்தைக் கையாளும் பொறுப்பை ஃபோட்டோஷாப்பிடமோ பிரிண்டர் டிரைவரிடமோ, யாராவது ஒருவரிடம்தான் விட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திருத்தினால் முகம் செங்கல் நிறத்தில் வரும். கேமராவுக்கும் இதில் பங்குண்டு. எதிரே இருப்பதைச் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று கருதித்தான் அதன் ஒளிமானி கணக்குப் போடும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நிற்கும் கறுத்த மாப்பிள்ளையை ஆட்டோவில் எடுத்தால், வேட்டியைப் பார்த்து ஒளியைக் குறைத்து, முகத்தை இருட்டில் தள்ளிவிடும். ஒளியை முகத்துக்கு அளந்து வைத்திருந்தால் பின்னால் எதையும் ஏற்ற வேண்டிய தேவையே வராது.

இனி மீதிப் பாதி. இந்தக் கருவிகளின் ‘சரி’ யாருடைய சரி?

அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 1950களிலிருந்து லேப்களுக்கு ‘ஷெர்லி கார்டு’ என்ற ஒரு படத்தை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்டர் சரி என்று பொருள். கறுப்பின மாணவர்களின் பள்ளிப் படங்களில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிகின்றன என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட கட்டுரை இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்தது. கோடக் கடைசியில் படச்சுருளைத் திருத்தியதற்கு அந்தப் பெற்றோரைவிட, பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று புகார் செய்த சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளுமே காரணம் என்று அவரிடம் கோடக் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்காகச் செய்யாததை மேசைக்காகச் செய்தார்கள்.

கறுப்பு துல்லியமாகப் பதிவாவதாலேயே விடுதலை வந்துவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. 1970-இல் போலராய்டு நிறுவனத்தின் கறுப்பினத் தொழிலாளர்கள் கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பின மக்கள்மேல் திணித்த பாஸ் புத்தகங்களின் படங்களுக்குத் தங்கள் நிறுவனத்தின் சரக்கு பயன்படுவதைக் கண்டுபிடித்துப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 1977-இல் போலராய்டு அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. கறுப்பு முகத்தை நன்றாகப் பிடிக்கும் கேமரா அந்த அரசுக்கும் தேவைப்பட்டது.

நம்முடைய கதை இதிலிருந்து வேறுபட்டது. நிறமும் சாதியும் ஒன்றல்ல. கறுத்த பார்ப்பனரும் சிவந்த தலித்தும் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. சாதியை இனவேறுபாடாக விளக்கும் கோட்பாட்டை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையிலேயே மறுத்திருக்கிறார். ஆனாலும் வெளுப்புக்கு இங்கே ஒரு சாதிக் கணக்கு இருக்கிறது. வெயிலில் நிற்க வேண்டியவர் யார், நிழலில் இருந்து வேலை வாங்குபவர் யார் என்ற கணக்கு அது. “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று பொண்ணு பார்த்துவிட்டு வந்து சொல்கிறோமே, அந்த ‘இருந்தாலும்’ அந்தக் கணக்கிலிருந்து வருவது. 1975-இல் சந்தைக்கு வந்த ஒரு முகப்பூச்சின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று. ஸ்டுடியோவில் அதே பூச்சை நாங்கள் மவுஸால் தடவுகிறோம். நம் இயக்கத் தோழர்கள் கட்டும் பேனரில்கூட அம்பேத்கரின் கோட்டு நீலமாகவும் கன்னம் ரோஸாகவும் இருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அதில் சிலவற்றை நானே அடித்தும் கொடுத்திருக்கிறேன்.

கறுத்த முகத்தில் உருவத்தைக் காட்டுவது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் பளபளப்பு. நடுத்தர நிறங்களை ஏற்றினால் அந்தப் பளபளப்புக்கும் தோலுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். முகம் தட்டையாகி, சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். வயதும் உழைப்பும் தெரியும் கோடுகள்தான் முதலில் மறையும். கலர்செக்கரின் முதல் கட்டமே ‘கறுத்த தோல்’ என்பது இளைஞர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. 1976-இல் வந்த அட்டை அது. எஸ்ஆர்ஜிபியில் ஏறத்தாழ 115, 82, 68. இரண்டாவது கட்டம்தான் ‘வெளிர் தோல்’. இரண்டும் சரியாக வந்தால்தான் அளவு சரி.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலைக்கு மேலே மாஞ்சோலை இருக்கிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன காடு. கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்தது. 17 பேர் செத்தார்கள். அன்று எடுக்கப்பட்ட படங்களும் வீடியோக்களும் இல்லையென்றால் என்ன கதை கட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ அதைப் பதிவு செய்த ஆவணப்படம். 2024-இல், குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை மலையைவிட்டு இறங்கச் சொன்னார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த லயன் வீடுகளை விட்டு இறங்கும் குடும்பம் கையில் எடுத்துக்கொண்டு வரக்கூடியவற்றில் படமும் ஒன்று. தேயிலைக் கூடையோடு நிற்கும் ஒரு தாயின் படத்தை ஸ்கேன் செய்யக் கொண்டுவந்தால், அவளை வெளுத்துக் கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

“கஸ்டமர் கேக்காரு, கொடுக்கோம்” என்பார்கள். கேட்கிறார்கள்தான். கல்யாண ஆல்பத்தில் பெண்ணை இரண்டு ஷேடு ஏற்றச் சொல்லிப் பெண்ணின் அம்மாவே வந்து பக்கத்தில் உட்காருகிறார். கறுப்பு என்றால் நகை கூடுதலாகக் கேட்கும் சந்தையில் அந்த அம்மாவிடம் போய் அரசியல் பேச எனக்கு வாய் வராது. நான் செய்வது இவ்வளவுதான்: அளவு திருத்திய மானிட்டரில் பார்த்து, உள்ளது உள்ளபடி ஒரு 4x6 முதலில் போட்டுக் கையில் கொடுப்பேன். ஏற்றியதையும் பக்கத்தில் வைப்பேன். பத்தில் ஆறு பேர் இன்னமும் ஏற்றியதைத்தான் எடுக்கிறார்கள். நாலு பேர் முதல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ஆச்சி படத்தை வருசாப்தத்துக்கு மறுபடி போட்டேன். கர்வ்ஸைத் தொடவில்லை, புறாவையும் எடுத்துவிட்டேன். அத்தை சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: “இத எப்பல எடுத்த?”