அணுவுக்கு நிறம் இல்லை. ஆனாலும் நிறம் வேண்டும்!



அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் இரண்டே வாரம்தான். எல்லாக் குழுவும் தெர்மாகோல் உருண்டையும் ஈர்க்குச்சியும் வாங்க ஆரம்பிச்சாச்சு. ஒரு குழு ஆக்சிஜனுக்கு ரோஸ் அடிக்குது. பக்கத்துக் குழு அதே ஆக்சிஜனுக்கு ஊதா அடிக்குது. கேட்டால், "பார்க்க அழகா இருந்தா போதாதா?" என்கிறார்கள். போதாது என்பதே என் கருத்து.

இதற்கு உலகம் முழுவதும் ஒரு வழக்கம் உண்டு. 1865-ல் லண்டனில் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் வேதியியல் அறிஞர், குரோக்கே விளையாட்டுப் பந்துகளால் மூலக்கூறுகளைச் செய்து காட்டினார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை. இன்று கம்ப்யூட்டர் படங்களிலும் பெரும்பாலும் இதே நிறங்கள்தான். கந்தகத்துக்கு மஞ்சள். கரி கறுப்பு, கந்தகம் மஞ்சள் என்பதால் ஞாபகம் வைப்பதும் சுலபம்.

"ஆக்சிஜன் எங்கேடா சிவப்பா இருக்கு?" என்று சிலர் மடக்குகிறார்கள். நியாயமான கேள்வி. அணுவின் அகலம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். பெயின்ட் அடித்த மாதிரி நிறம் அணுவுக்குக் கிடையாது. ஆனால் இரவில் நம்ம ஹார்பருக்கு வரும் கப்பலைப் பாருங்க. அதன் இடப் பக்கம் சிவப்பு விளக்கு, வலப் பக்கம் பச்சை விளக்கு. இடப் பக்கத்துக்கும் சிவப்புக்கும் என்ன சொந்தம்? ஒண்ணுமில்லை. எல்லா நாட்டுக்காரரும் ஒத்துக்கொண்டதால் மோதாமல் போகிறார்கள். நிறம் என்பது ஒரு மொழி.

அந்த மொழி நம்ம ஏரியாவுக்கு ரொம்ப அவசியம். 26-12-2023 இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்காட்சிக்கு வரும் அம்மா, அப்பாக்கள் "அந்த அமோனியான்னா என்னப்பா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு நீல உருண்டை, மூன்று வெள்ளை உருண்டை என்று காட்டலாம். பக்கத்தில் தண்ணீரை வைத்து, இரண்டும் நன்றாகக் கரையும், அதனால்தான் ஈரமான கண்ணும் தொண்டையும் முதலில் எரிகிறது, ஈரத் துணியால் மூக்கை மூடச் சொல்வதும் அதனால்தான் என்று விளக்கலாம். ஒரு மேஜையில் நைட்ரஜன் நீலம், அடுத்த மேஜையில் பச்சை என்றால், வந்தவர்கள் இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நாம் சொன்னது வீண்.

இன்னொன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் உண்டு. ஆண்களில் இது அதிகம். அவர்களுக்கு ஆக்சிஜனும் குளோரினும் ஒன்றுபோலத் தெரியலாம். எனவே ஒவ்வொரு உருண்டையிலும் தனிமக் குறியீட்டையும் கறுப்பு ஸ்கெட்ச்சால் எழுதிவிடுவோம். கார்பனுக்கு மட்டும் வெள்ளையால்.

செலவு? ஐந்து டப்பா போஸ்டர் கலரை எல்லாக் குழுவும் பங்கு போட்டுக்கலாம். ஹைட்ரஜனுக்குச் செலவே இல்லை, தெர்மாகோலே வெள்ளைதான்! நிற அட்டவணை ஒன்றை ஆய்வகச் சுவரில் ஒட்ட அனுமதி தருமாறு வேதியியல் ஆசிரியரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எழுதித் தர நான் தயார்.

ஒரே நிறம், ஒரே மொழி! என்ன சொல்றீங்க?

— பிளஸ் ஒன் மாணவி, 'அ' பிரிவு